ஐந்தரைக் கட்டை

ஒருவர் தனக்குப் பாடத் தெரியும் என்றால், விஷயம் தெரிந்த ஆள் முதலில் கேட்பது, "எத்தனை கட்டை?" பெண்ணென்றால் ஐந்து, ஐந்தரை என்று பதில் வரும். ஆணென்றால் ஒன்று, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு. நாதஸ்வரக்காரரும் கட்டையில்தான் பேசுவார், சபா வித்வானும் கட்டையில்தான் பேசுவார். இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை எல்லாம் உண்டு. மூன்றரைக் கட்டை கிடையாது. சல்லடை போட்டுச் சலித்தாலும் மூன்றரைக் கட்டையில் பாடுகிறவர் அகப்படமாட்டார்.

இந்தக் கட்டை ஆர்மோனியப் பெட்டியில் விரல் படும் மரக்கட்டை. வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போகிறோம்; நடுவில் வரும் கறுப்புக்கு அரை என்று பெயர். மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் ஏற்கெனவே அரை சுரத் தூரம்தான். இன்னொரு கட்டையை நுழைக்க இடமில்லை. கீழே ஏழு, மேலே ஐந்து என்ற இந்த அடுக்கு எவ்வளவு பழையது என்றால், 1361இல் ஜெர்மனியின் ஹால்பர்ஸ்டாட் தேவாலயத்துக்குச் செய்த ஆர்கனிலேயே இருந்ததாக இசை வரலாற்றுக்காரர்கள் சொல்கிறார்கள். பியானோவும் அதையே எடுத்துக்கொண்டது. மதுரைப் பக்கம் ஒரு நாடக நடிகை "ஐந்தரை வைங்கண்ணே" என்று சொல்லும்போது, அந்த 'அரை'க்கு அறுநூற்றைம்பது வயது தாண்டிவிட்டது.

விரல் வைக்கும் பலகை மேற்கிலிருந்து வந்தது. சத்தம் போடும் நாக்கு கிழக்கிலிருந்து கிளம்பியிருக்கிறது. சீனாவில் ஷெங் என்றொரு வாத்தியம், மூங்கில் குழல்களைக் கொத்தாகச் செருகியது. ஒவ்வொரு குழலின் அடியிலும் மெல்லிய உலோக நாக்கு. காற்று பட்டால் அந்த நாக்கு தன் சட்டத்துக்குள் முன்னும் பின்னும் ஆடி ஒலிக்கும். ஊதினாலும் ஒலி, உறிஞ்சினாலும் ஒலி. 18ஆம் நூற்றாண்டில் பீக்கிங்கில் இருந்த அமியோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் சில ஷெங்குகளைப் பாரிசுக்கு அனுப்பிவைத்தார்.

அதே சமயம் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் ஒரு விசித்திரமான போட்டி வைத்தது. மனிதன் 'அ, எ, இ, ஒ, உ' சொல்வது எப்படி, அதை ஒரு கருவியைச் சொல்ல வைக்க முடியுமா? கோபன்ஹேகனில் பேராசிரியராக இருந்த கிராட்சன்ஸ்டைன், ஆடும் நாக்கு வைத்த குழாய்களைச் செய்து உயிரெழுத்துகளை ஊதிக் காட்டி 1780இல் பரிசு வாங்கினார். ஷெங்கைப் பார்த்துச் செய்தாரா, அவருக்கே தோன்றியதா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எப்படியோ, பேச வைக்கச் செய்த கருவி பாட்டுப் பெட்டிக்குத் தாத்தாவாகிவிட்டது.

அதற்கப்புறம் ஊருக்கொரு காப்பிக்காரர். ஃபோக்லர் என்ற சங்கீதப் பாதிரியார் அந்த நாக்கை ஆர்கனில் பொருத்தி ஐரோப்பா முழுக்க வாசித்துத் திரிந்தார். வியன்னாவில் 1829இல் டெமியன் அதைத் துருத்தியோடு சேர்த்துக் கைக்குள் அடக்கினார், அதுதான் அக்கார்டியன். பாரிசில் டெபான் 1842இல் கால்மிதி வைத்த பெட்டி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கி 'ஆர்மோனியம்' என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயரை வேறு யாரும் வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்ததால், போட்டிக் கம்பெனிக்காரர்கள் அதே பெட்டிக்கு 'மெலோடியம்' என்றும் வேறு பெயர்களிலும் சீட்டு ஒட்டி விற்றார்கள். கடைசியில் ஜெயித்தது டெபான் வைத்த பெயர்தான். அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது.

பெரிய ஆர்கன் வாங்க வக்கில்லாத சின்னக் கோயில்களும், பியானோ இல்லாத வீடுகளும் இதை வாங்கின. செக் நாட்டு இசையமைப்பாளர் துவோர்ஷாக் 1878இல் இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு ஆர்மோனியத்துக்காகச் சிறு இசைத்துணுக்குகள் எழுதினார். காரணம் எளியது. நண்பர்கள் கூடி வாசிக்கும் வீட்டில் ஆர்மோனியம் இருந்தது, அவ்வளவுதான்.

லைப்சிக்கின் இசையமைப்பாளர் கார்க்-எலர்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். பியானோவுக்கு சொனாட்டா எழுதியவர்கள் ஆயிரம் பேர். பேத்தோவன் பெயரில் மட்டுமே எண்ணிட்ட 32 இருக்கின்றன. கார்க்-எலர்ட் 1905இல் ஆர்மோனியத்துக்கென்றே ஒரு முழு சொனாட்டா எழுதினார், சில ஆண்டுகளில் இரண்டாவதும் வந்தது. பியானோவில் ஒரு சுரத்தைத் தட்டினால், தட்டிய நொடியிலிருந்து அது தேய ஆரம்பித்துவிடும். ஆர்மோனியத்தில் காலின் அழுத்தம் நேராக நாக்குக்குப் போகும். ஒரே சுரத்தைப் பிறை போலத் தொடங்கிப் பௌர்ணமியாக்கித் திரும்பவும் தேய வைக்கலாம். அந்த வித்தை தெரிந்த ஒருவர் எழுதிய சொனாட்டா இது. ஆனால் பியானோக்காரர்களுக்கு அது தங்கள் வாத்தியத்துக்கானது இல்லை, ஆர்கன்காரர்களுக்கோ கௌரவக் குறைச்சல். 1933இல் அவர் இறந்தபோது ஐரோப்பாவில் பெட்டிக்கும் வயதாகிவிட்டது. இரண்டு வருஷத்தில் மின்சார ஆர்கன் வந்து மிச்சத்தையும் முடித்தது. இன்று மேற்கத்திய இசை ரசிகர்களிலேயே அந்த சொனாட்டாவைக் கேட்டவர்கள் குறைவு.

நம் ஊருக்குப் பெட்டி வந்த கதையில் முதல் உதவி செய்தவை வெயிலும் ஈரமும். கப்பலேறி வந்த பியானோவின் கம்பி துருப்பிடிக்கும், சுருதி இறங்கும். ஆர்மோனியத்தின் பித்தளை நாக்கு அப்படிச் சட்டென்று சோர்ந்துபோகாது. மடக்கித் தூக்கக்கூடிய மாதிரிகளும் வந்ததால் மிஷனரிகளுக்கு அது தோதாக இருந்தது.

கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 1875இல் 'துவார்க்கின்' என்ற வாத்தியக் கடையைத் தொடங்கினார். அங்கேதான் பெட்டிக்குக் காலை வெட்டினார்கள். நாம் தரையில் சம்மணமிட்டு உட்காருகிறவர்கள். மிதிக்க எங்கே போவது? துருத்தியைப் பின்பக்கம் வைத்து, ஒரு கையால் அமுக்கி மறுகையால் வாசிக்கும்படி செய்தார்கள். பத்து விரலில் ஐந்து போயிற்று. கார்க்-எலர்ட் இதைப் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அவருக்கு இரண்டு கையும் வேண்டும், இரண்டு காலும் வேண்டும். நமக்கோ ஒரு சமயத்தில் ஒரு சுரம் போதும், சுருதி விடாமல் நிற்கவேண்டும். ஒரு கை தாராளம். நாக்குகள் கொஞ்ச காலம் பாரிசிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தன. பிறகு குஜராத்தில், சமணர்கள் மலையேறப் போகும் பாலிதானா ஊர்ப் பட்டறைகள் அந்த வேலையைக் கற்றுக்கொண்டன. பாலிதானா ரீடு என்றால் பெட்டிக்காரர்களிடம் இன்றும் மதிப்பு.

தெற்கே பெட்டியைக் கொண்டுவந்ததில் பார்சி, மராத்தி நாடகக் கம்பெனிகளுக்குப் பெரிய பங்கு. மதுரையில் அது நாடகத்தோடு ஒட்டிக்கொண்டது. சிம்மக்கல்லில் இறங்கித் தமிழ்ச் சங்கம் ரோட்டில் போனால் சங்கரதாஸ் சுவாமிகள் சிலை இருக்கிறது. நாடகக்காரர்கள் குருபூஜைக்கு மாலை போடும் சிலை. தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சுவாமிகள், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களைப் பயிற்றினார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'சத்தியவான் சாவித்திரி' என்று அவர் எழுதி வைத்துவிட்டுப் போனவை இன்றும் இந்தச் சுற்றுவட்டாரத்துக் கோயில் கொடைகளில் விடிய விடிய நடக்கின்றன.

அப்போது மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டுமென்றால் குரல் மேலே போகவேண்டும், குரல் மேலே போனால் கட்டையும் மேலே போகும். செங்கோட்டை கிட்டப்பா அப்படி உச்சத்தில் நின்று பாடியவர்; அவருக்கு ஆர்மோனியம் வாசித்தவர் சொந்த அண்ணன் காசி ஐயர். கம்பெனிகளோடு பெட்டி இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியது. யாழ்ப்பாணத்தில் இசை நாடகம் வேர் பிடித்து, அரிச்சந்திரனின் மயான காண்டத்துக்குப் பேர்போன நடிகமணி வைரமுத்துவைத் தந்தது.

ஸ்பெஷல் நாடகத்தில் பெட்டிக்காரர் செய்யும் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது, பல சமயம் மேடையில்தான் முதல் சந்திப்பு. நோட்டீசில் பேரைப் போட்டு அழைத்துவிடுவார்கள், அவ்வளவுதான் ஏற்பாடு. வள்ளி ஐந்தரையில் பாடி நிறுத்துவார், நாரதர் வேறு கட்டையில் எடுப்பார், தர்க்கம் சூடுபிடித்தால் இருவரும் மாறி மாறி இழுப்பார்கள். பெட்டிக்காரர் அந்தக் கணத்தில் கட்டையை மாற்றி, அடியை எடுத்துக்கொடுத்து, பின்பாட்டும் பாடி, மூச்சு வாங்கும் நடிகைக்கு இரண்டு நிமிஷம் தன் விரலால் ஓய்வும் கொடுப்பார். பழைய கால்மிதிப் பெட்டி இந்த மேடைகளில் வெகுகாலம் தங்கியதில் ஆச்சரியமில்லை. இவ்வளவு வேலைக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

பெட்டிக்குப் பகைவர்களும் பெரிய ஆட்களே. சிம்மக்கல்லுக்குக் கூப்பிடு தூரத்தில், வடக்கு வெளிவீதி சேதுபதி பள்ளியில் 1904இல் சில மாதங்கள் தமிழ் வாத்தியாராக இருந்த பாரதி, பின்னால் சங்கீதத்தைப் பற்றி எழுதியபோது ஆர்மோனியத்தைப் போட்டு வறுத்தெடுத்தார். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமிக்கும் அது ஆகாது. கட்டைக்குக் கட்டை தாவுகிற பெட்டியில், சுரத்தை வளைத்து அசைக்கும் கமகம் எங்கிருந்து வரும் என்பது குற்றச்சாட்டு, நியாயமானதுதான். டெல்லி வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஆங்கில இசையமைப்பாளர் ஜான் ஃபோல்ட்ஸ் 1938இல் பெட்டிக்கு எதிராகக் கட்டுரை எழுதினார். 1940 ஜனவரியில் தாகூரும் பெட்டியை எதிர்த்துக் கல்கத்தா வானொலிக்குக் கடிதம் எழுதினார். தாகூரின் மூத்த அண்ணன் துவிஜேந்திரநாத்தான் 1860இல் தன் வீட்டு நாடகத்தில் ஆர்மோனியத்தைப் பயன்படுத்தினார் என்பார்கள். அது வேறு கதை. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை. ஐரோப்பியப் பெட்டியை வெளியே தள்ளும் உத்தரவு ஓர் ஆங்கிலேய அதிகாரியான லயனல் ஃபீல்டனின் நிர்வாகத்தில் வந்தது. 1971இல்தான் தடை கொஞ்சம் தளர்ந்தது.

இதில் எனக்குச் சிரிப்பு வரும் இடம் ஒன்று உண்டு. பெட்டியை வேண்டாமென்ற வித்வான்களின் பக்கத்திலேயே சுருதிப்பெட்டி இருந்தது. அதைத் திறந்து பாருங்கள்: அதே துருத்தி, அதே நாக்கு. கட்டையை மட்டும் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கிய கட்டையைப் பேச்சில் வைத்துக்கொண்டார்கள். ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடிக்கொண்டே ஆர்மோனியம் நமக்கு அந்நியம் என்று சொன்னார்கள். கமகம் வராது என்ற வாதத்துக்கு விரலாலேயே பதில் சொன்னவர் பல்லடம் வெங்கடரமண ராவ். கர்நாடக சங்கீதத்தைப் பெட்டியில் தனியாக வாசித்தார். அவருக்குக் கிடைத்த புகழ் அவர் வாசிப்புக்குக் கால்வாசிகூட இல்லை என்பது என் கட்சி.

வானொலி கதவைச் சாத்தியிருந்த அதே காலத்தில், பழைய மதுரை மாவட்டத்தின் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் தம்பிகளோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிக்கொண்டிருந்தார். அந்தத் தம்பிகளில் ஒருவர் இளையராஜா. பின்னால் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோவும் மேற்கத்திய இசையும் படித்தவர், மேடைக்கு வரும்போது இன்றும் முன்னால் வைத்துக்கொள்வது ஆர்மோனியத்தை. கல்கத்தாவில் கால் வெட்டிய பெட்டி இப்போது அமெரிக்க யோகா கூடங்களில் கீர்த்தனைக்கு உட்கார்ந்திருக்கிறது. அங்கே பலர் அதை இந்தியப் பழம்பெரும் வாத்தியம் என்றே நினைக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். கார்க்-எலர்டின் முதல் ஆர்மோனிய சொனாட்டா இணையத்தில் கிடைக்கிறது. ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பிறகு பங்குனி, சித்திரையில் மதுரைப் பக்கம் எந்தக் கிராமத்திலாவது 'வள்ளி திருமணம்' நோட்டீஸ் ஒட்டியிருந்தால், பத்து மணிக்குள் போய் மேடைக்கு நேர் எதிரே உட்காராமல் பெட்டிக்காரர் பக்கமாக இடம் பிடியுங்கள். பபூன் வருவதற்கு முன்னால் அவர் தனியாகக் கொஞ்ச நேரம் வாசிப்பார். அந்த நேரத்தில்தான் பெரும்பாலோர் டீ குடிக்கப் போவார்கள். நீங்கள் போகாதீர்கள்.