உழவர் மண்ணில் ஒரு குருமடம்

ஸ்காட்லாந்தின் கிளென்லிவெட் மலைப்பங்கை நாம் மறத்தலாகாது. 1560-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் திருப்பலியைத் தடைசெய்தது. ஆயினும் அம்மலையுச்சிப் பள்ளத்தாக்கு, கத்தோலிக்கரான கோர்டன் பிரபுக்களின் நிலமாயிருந்தபடியால், 1716-ஐ ஒட்டி ஸ்காலன் என்னுமிடத்தில் மறைவாக ஒரு குருமடம் எழுந்தது.

நீண்ட பனிக்காலம், குறுகிய கோடை. ஓட்ஸும் பார்லியும் கால்நடையுமே அவ்வுழவரின் செல்வம். குருமாணவர்க்கும் ஓட்ஸ் கஞ்சிதான். அதுவும் காலை, மாலை இருவேளையும்! விறகு அரிதாகையால் சதுப்பு மண்ணைக் கட்டிகளாக வெட்டி, உலர்த்தி எரித்தனர்.

1746-இல் கலோடன் போருக்குப்பின் அரச படையினர் குருமடத்தைக் கொளுத்தினர். மக்கள் கலங்கினாலும் கைவிடவில்லை, மீண்டும் எழுப்பினர். நூற்றுக்கு மேற்பட்ட குருக்கள் அங்கே உருவாயினர்.

1799-இல் குருமடம் அபர்தீன்ஷயருக்கு மாறியது. ஸ்காலன் பண்ணையாயிற்று. பின்வந்த உழவர் அருகே கதிரடிக்கும் ஆலைகள் அமைத்தனர். 1767-இல் கட்டிய கல்வீடு இன்றும் அங்கே நிற்கிறது.