பேசாத் தலைவனின் வரலாறு

பண்டைக் காப்பியங்கள் தன்னேரில்லாத் தலைவனைப் பாடின. குலத்தாலும் குணத்தாலும் ஆற்றலாலும் உயர்ந்தவன் அவன். அவையில் அவன் உரைக்கும் சொல்லே அவன் பெருமைக்குச் சான்று. இருபதாம் நூற்றாண்டின் குற்றக் கதைகளோ இதற்கு நேர்மாறான ஒருவனைத் தலைவன் ஆக்கின. அவன் கை கறைபட்டது. அவன் நெறி ஊரார் ஒப்பும் நெறியன்று. எல்லாவற்றினும் வியப்பு, அவன் வாய் திறப்பதே அரிது. கணிப்பொறியும் குற்றமும் கூடி ஆளும் எதிர்கால நகரங்களைக் காட்டும் 'சைபர்பங்க்' சித்திரப் படத் தொடர்களில் இன்று இவன் நிலைபெற்றுவிட்டான். இவன் எங்கிருந்து வந்தான்? இவனைப் படைத்தவர்கள் எந்த இடர்ப்பாட்டை வென்றார்கள்? இவ்விரு வினாக்களும் ஆராயத்தக்கன. பேசுபவனைப் படைப்பது எளிது; பேசாதவனின் உள்ளத்தைப் பிறர்க்கு உணர்த்துவதே அரிது.

துப்பறிவோனின் வாயடக்கம்

இவனுடைய முன்னோனை அமெரிக்க மலிவுப் பதிப்பு இதழ்களில் காணலாம். டாஷியல் ஹாமெட் என்பவர் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1923இல் 'பிளாக் மாஸ்க்' என்னும் இதழில் இவர் ஒரு துப்பறிவோனை அறிமுகம் செய்தார். அவனுக்குப் பெயரே இல்லை. 1929இல் நூலாக வந்த 'ரெட் ஹார்வெஸ்ட்' என்னும் கதையில், ஊழல் மலிந்த ஓர் ஊருக்குள் நுழையும் அவன், அங்குள்ள குற்றக் கும்பல்களை ஒன்றோடொன்று மோதவிடுகிறான். முடிவில், தானும் கொலைக்குப் பழகிப் போனோமோ என்று அவனே அஞ்சுகிறான். அடுத்த ஆண்டு வெளிவந்த 'மால்டீஸ் ஃபால்கன்' நூலில் ஹாமெட் மேலும் ஒருபடி சென்றார். தலைவன் என்ன நினைக்கிறான் என்று ஓரிடத்திலும் அவர் கூறவில்லை. அவன் செய்வதையும் சொல்வதையும் மட்டுமே எழுதினார். ஈண்டு வாயடக்கம் தொழிலுக்குரிய எச்சரிக்கை. உள்ளத்தைக் காட்டினால் உயிர் போகும் என்பதே அதன் காரணம்.

வாளும் துப்பாக்கியும்

1961இல் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 'யோஜிம்போ' என்னும் படத்தை வெளியிட்டார். அதிலும் பெயரற்ற ஒரு வீரன் இரு கும்பல்களுக்கு இடையே புகுகிறான். பெயர் கேட்டபோது, சன்னலுக்கு வெளியே தெரியும் முசுக்கட்டைத் தோட்டத்தைப் பார்த்து, அதையே தன் பெயராகச் சொல்லிவிடுகிறான். இக்கதையைத் தழுவி இத்தாலியர் செர்ஜியோ லியோனே 1964இல் ஒரு குதிரைவீரர் படம் எடுத்தார். முன்னிசைவு பெறாமையால் வழக்கு எழுந்தது. பின்னர் உடன்பாட்டில் முடிந்தது. அப்படத்தில் நடித்த கிளிண்ட் ஈஸ்ட்வுட், தமக்கு எழுதப்பட்ட உரையாடலைப் பெரிதும் குறைக்கச் செய்தார். விளக்கிப் பேசினால் அம்மனிதனின் மருமம் கெடும் என்று அவர் கருதினார். இவ்வாறு, எழுத்தில் பிறந்த வாயடக்கம் வெண்திரையில் முகமும் நடையும் ஆயிற்று.

புள்ளிகளில் பேசியவன்

1968இல் தக்காவோ சைத்தோ என்னும் ஜப்பானியர் 'கோல்கோ 13' என்னும் சித்திரக் கதையைத் தொடங்கினார். அதன் தலைவன் கூலிக்குக் கொலை செய்பவன். அவன் பேசவேண்டிய இடங்களில், சொற்களுக்குப் பதிலாக வெறும் புள்ளிகளே பேச்சுக் குமிழியை நிறைக்கும். 2021இல் 201ஆம் தொகுதி வெளிவந்தபோது, ஒரே சித்திரக் கதைத் தொடரின் மிகுதியான தொகுதிகள் என்னும் உலகச் சாதனையை அது பெற்றது. அவ்வாண்டிலேயே சைத்தோ மறைந்தார். இவனது வாயடக்கம் எச்சரிக்கை மட்டுமன்று, அது முகமூடி. முகமூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அக்கதை விளக்குவதில்லை. ஒன்றும் இல்லையோ என்னும் ஐயமே வாசகரைப் பிணித்து வைக்கிறது.

பேச்சு மலிவு, மௌனம் அரிது

சித்திரப் படத்தில் இத்தகைய தலைவனைக் கொண்டுவருவதற்கு ஒரு தனித் தடை இருந்தது. 1963இல் ஒசாமு தெசுக்காவின் 'டெட்சுவான் ஆட்டம்' ஜப்பானியத் தொலைக்காட்சியில் வாரந்தோறும் வரத் தொடங்கிற்று. வாரம் ஒரு பகுதியை முடிக்கவேண்டுமானால், வரையும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தே ஆகவேண்டும். திரைப்படச் சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஒவ்வோர் ஓவியத்தையும் மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினால், நொடிக்கு 8 ஓவியங்கள் போதும். உடலை அசையாமல் வைத்து வாயை மட்டும் சில நிலைகளில் மாற்றினால், ஒருவன் நெடுநேரம் பேசுவதைக் காட்டிவிடலாம். ஆகவே தொலைக்காட்சிச் சித்திரப் படத்தில் பேச்சுத்தான் சிக்கனம். பேசாதவனுக்கோ, ஒன்று, உடலசைவை முழுமையாக வரையவேண்டும். அன்றேல், அசைவற்ற ஓவியத்தை ஒலியாலும் ஒளியாலும் தாங்கவேண்டும். முன்னது பொருட்செலவு, பின்னது துணிவு.

இத்துணிவு எல்லார்க்கும் வாய்க்கவில்லை. 1982இல் ரிட்லி ஸ்காட் எடுத்த 'பிளேட் ரன்னர்', சைபர்பங்க் நகரத்தின் தோற்றத்தையே வகுத்த படம். அதன் தலைவன் அதிகம் பேசாதவன். முன்னோட்டத்தில் பார்த்தவர்கள் கதை விளங்கவில்லை என்றதும், தலைவனே தன் மனத்தை விளக்கும் பின்னணிக் குரலைப் படநிறுவனத்தார் சேர்த்தனர். 1992இல் வெளிவந்த மறுபதிப்பில் அக்குரல் நீக்கப்பட்டது. விளக்கம் போனபின் படம் ஆழம் பெற்றது என்பது பலர் முடிபு. 1984இல் 'நியூரோமான்சர்' நாவலை வெளியிட்ட வில்லியம் கிப்சன், அதை எழுதிக்கொண்டிருக்கையில் இப்படத்தைக் காணச் சென்று, தம் கற்பனை நகரம் முன்னரே திரையில் நிற்பதைக் கண்டு பாதியில் எழுந்து வந்துவிட்டாராம்.

1991இல் அமெரிக்காவின் எம்.டி.வி. தொலைக்காட்சியில் பீட்டர் சங் 'ஈயான் ஃப்ளக்ஸ்' என்னும் குறும்படங்களைத் தொடங்கினார். குழந்தைகளுக்கான உரையாடல் மிக்க தொடரில் உழைத்துச் சலித்தவர் அவர். ஆதலின், ஏறக்குறைய சொல்லே இல்லாமல், உடலசைவு ஒன்றையே மொழியாகக் கொண்டார். 1995இல் அரைமணி நேரத் தொடராக வளர்ந்தபோது அந்நாயகிக்கும் பேச்சு வந்தது. அதே ஆண்டில் மமோரு ஓஷீ இயக்கிய 'கோஸ்ட் இன் தி ஷெல்' படமோ எதிர்வழியில் சென்றது. மசமுனே ஷிரோவின் மூலச் சித்திரக் கதையில் கலகலப்பாகப் பேசித் திரிந்த நாயகி, ஓஷீயின் கையில் அமைதியானவள் ஆனாள். இயந்திர உடல் தாங்கிய அவளை, இமைப்பது அருகியவளாகக் காட்டினார் அவர். ஒரு சொல்லும் இன்றியே, இவள் முழுதும் மானிடப் பிறவியோ என்னும் ஐயம் காண்போர் நெஞ்சில் எழுந்தது.

இச்சிசே என்னும் இளைஞன்

இவ்வரலாற்றின் முதிர்ந்த கனி, 2003இல் ஒளிபரப்பான 'டெக்னொலைஸ்' என்னும் 22 பகுதித் தொடர். மேட்ஹவுஸ் நிறுவனம் தயாரித்தது, ஹிரோஷி ஹமாசாக்கி இயக்கினார், சியாகி ஜே. கொனாக்கா கதையை அமைத்தார். பாத்திர ஓவியங்களுக்கு மூலம் தந்தவர் யோஷிதோஷி அபே. கொனாக்காவும் அபேயும் 1998இல் 'லெயின்' என்னும் தொடரில் முன்னரே கைகோத்தவர்கள்.

லக்ஸ் என்னும் நிலத்தடி நகரம். அதை ஆட்டிவைக்கும் குற்றக் குழுக்கள். அவற்றிடையே பந்தயக் குத்துச்சண்டையில் பிழைக்கும் அநாதை இளைஞன் இச்சிசே. சண்டை நடத்துவோரின் சினத்திற்கு ஆளாகி, ஒரு கையையும் ஒரு காலையும் இழக்கிறான். ஒரு மருத்துவப் பெண் தன் ஆராய்ச்சிக்காக அவனுக்கு இயந்திர உறுப்புகளைப் பொருத்துகிறாள். அவன் இசைவை அவள் கேட்கவில்லை. முதற் பகுதியின் பெரும்பகுதியில் உரையாடலே இல்லை. மூச்சு, முனகல், காலடியோசை, நீர் ஒழுகும் ஒலி இவையே செவியில் விழும். பேச்சுச் சிக்கனத்தை நாடும் தொலைக்காட்சியில், தொடக்கத்திலேயே பேச்சைத் துறந்தது பெருந்துணிவு.

இங்கே வாயடக்கத்தின் பொருளே மாறிவிட்டதைக் காண்க. ஹாமெட்டின் துப்பறிவோனுக்கு அது கவசம், கோல்கோவுக்கு முகமூடி, இச்சிசேக்கோ அது காயம். சொல்லத் தெரியாதவன், சொன்னால் கேட்பார் இல்லாதவன், தன் உடலைக்கூடத் தனதென்று கொள்ள இயலாதவன் பேசுவது எங்ஙனம்? அதனால்தான் அவன் கொடுமை செய்யும்போதும் நாம் வெறுத்து ஒதுக்க முடிவதில்லை. நியாயம் என்று ஒப்பவும் முடிவதில்லை. அவனைச் சுற்றி நிற்பவர்களின் வழியாக அவனை அறிகிறோம். எதிர்காலம் காணும் ரான் என்னும் சிறுமியின் அருகில் அவன் நிற்கும் நிலையில், ஆயிரம் சொற்கள் உணர்த்தாத ஒன்று விளங்குகிறது. இறுதியில், யாவும் அழிந்தபின், அவனது இயந்திரக் கை ஒளியால் ஒரு மலரைக் காட்டுகிறது. அவன் புன்னகை செய்கிறான். அங்கும் சொல் இல்லை.

முடிபு

இவ்வரலாறு காட்டும் பாடம் தெளிவு. பேசாத் தலைவனைப் படைக்க விரும்புவோன் பேச்சை வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய இடத்தில் மெய்ப்பாடு நிற்கவேண்டும். அவன் வேண்டுவது இன்னதென்று செயல் காட்டவேண்டும். அவன் மௌனத்திற்கு அவன் கொடுத்த விலை தெரியவேண்டும். இவை இன்றேல், அவன் கறுப்பு மேலாடை அணிந்த வெறும் பொம்மை.

இதில் இளையோரைப் பற்றிய கவலையும் அடங்கியுள்ளது. வாய்மூடி நிற்றலே ஆண்மை, இரக்கமின்மையே வலிமை என்று கொள்ளும் மயக்கத்தைக் கோல்கோ வழியினர் எளிதில் ஊட்டிவிடுவர். இச்சிசேயின் கதை அம்மயக்கத்தைத் தெளிவிக்கிறது. வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு சொல்லும் பேசாது அமர்ந்திருக்கும் மாணவனைக் கண்டு, இவன் செருக்கன் என்றோ மந்தன் என்றோ முடிவு கட்டுமுன், அம்மௌனம் கவசமா, முகமூடியா, காயமா என்று பார்க்க ஒரு நல்ல கதை பயிற்றுகிறது. அவ்வாறு பயிற்றுவது சித்திரப் படமே ஆயினும், அது கற்றோர் கருத்தைப் பெறத் தக்கதே.