தேவாலயச் சுவரில் நம்மவர் பூசிய சுண்ணாம்பு

கோவில் தொண்டூழியர்கள் எழுதும் பதிவில் கிறிஸ்துவ தேவாலயத்துக்கு என்ன வேலைன்னு யோசிக்காதீங்க. கொஞ்சம் நீளமான பதிவு, ஆனால் கடைசியில் நம்ம மடைப்பள்ளிச் சுவருக்குத்தான் வந்து சேரும்.

சிட்டி ஹால் எம்ஆர்டியிலிருந்து மேலே ஏறி வந்தால், புல்வெளி நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு தேவாலயம் நிற்கும். செயின்ட் ஆண்ட்ரூஸ். நம்மில் பலர் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறோம். அந்த இடத்தில் அது இரண்டாவது கட்டடம். முதல் தேவாலயத்தை 1830-களின் நடுவில் கோல்மன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். பிறகு அதன் மேல் கோபுரம் வைத்தார்கள். 1845-இல் ஒருமுறை, 1849-இல் ஒருமுறை என்று இடி விழுந்தது. 1852-இல் மூடி, 1855-இல் இடித்துவிட்டார்கள். இருபது வருஷம்கூட முழுசா நிக்கல.

அதற்கு அடுத்த வருஷமே, 1856 மார்ச்சில், இப்போது இருக்கும் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். முதல் வழிபாடு 1861 அக்டோபரில் நடந்தது. வரைபடம் போட்டவர் கர்னல் மெக்பர்சன். அவர் பெயரை எல்லாப் புத்தகங்களும் சொல்லும். செங்கல் சுமந்து, சாரம் கட்டி, சுவர் பூசியவர்களை ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்: இந்தியக் கைதிகள்.

இந்தக் கைதிகளின் கதை நமக்கு நல்லாத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனி தண்டனை பெற்றவர்களை இந்தியாவிலிருந்து கடல் கடத்தி முதலில் பெங்கூலனுக்கும் பினாங்குக்கும் அனுப்பியது. 1825-இல் பெங்கூலனில் இருந்தவர்களைச் சிங்கப்பூருக்குக் கொண்டு வந்தார்கள். மதராஸ், வங்காளம், பம்பாய் என்று பல பகுதிக்காரர்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் தமிழர்கள் என்று சொல்வது சரியில்லை. ஆனால் மதராஸ் மாகாணத்துக்காரர்கள் கணிசமாக இருந்தார்கள். பிராஸ் பாசா பக்கம் சிறை. சிராங்கூன் ரோடு பக்கம் அவர்களே நடத்திய செங்கல் சூளை. ரோடு போட்டதும் பாலம் கட்டியதும் இன்றைக்கு இஸ்தானா என்று நாம் சொல்லும் மாளிகையைக் கட்டியதும் அவர்கள் கைகள்தான். 1873-இல்தான் இந்த ஏற்பாடு இங்கே முடிவுக்கு வந்தது.

கைதிகளை மேற்பார்வை பார்த்த மெக்நேர் என்ற அதிகாரி, பிற்காலத்தில் அவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தேவாலயத்தின் உள்சுவருக்கு என்ன பூசினார்கள் என்பதை அதில் பக்குவம் சொல்வதுபோல விவரித்திருக்கிறார். அதற்கு 'மதராஸ் சுண்ணம்' என்று பெயர். மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு. அதோடு முட்டையின் வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துக் குழைக்க வேண்டும். கலக்கும் தண்ணீர் சாதாரணத் தண்ணீர் இல்லை, தேங்காய் மட்டையை ஊறப் போட்ட தண்ணீர். அந்தச் சாந்தைச் சுவரில் பூசி, காய்ந்த பிறகு உருண்டைக் கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். நடுநடுவே மாக்கல் பொடியைத் தூவுவார்கள். தேய்க்கத் தேய்க்கச் சுவர் பளிங்கு மாதிரி மின்ன ஆரம்பிக்கும். நம்ம ஊர்ப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது புதுசா இருக்காது. கை வைத்தால் ஜில்லுன்னு இருக்கும்.

"முட்டையா? கோவிலுக்கா?" என்று எங்கள் குழுவில் ஒரு பாட்டி உடனே கேட்டார். நியாயமான கேள்வி. நம்ம கோவில் திருப்பணிகளில் அந்த வேலைக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர்தான் பழைய வழக்கம். பொருள் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: சுண்ணாம்பு.

சுண்ணாம்பு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பொறுமையாப் பார்ப்போம், ஏன்னா விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கு. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் உள்ளே இருக்கும் கரிக்காற்று வெளியேறிவிடும். மிஞ்சுவதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி மாவாகும். இதைத்தான் நீற்றுவது என்கிறோம் (நீறு என்றால் சாம்பலும் உண்டு, சுண்ணாம்பும் உண்டு). அந்த மாவைச் சுவரில் பூசியதும் அது காற்றிலிருந்து கரிக்காற்றைத் திரும்ப இழுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாகிறது. வேதியியல்படி பார்த்தால் திரும்பவும் கிளிஞ்சல் ஆகிவிடுகிறது! ஆனால் நுண்ணிய துளைகள் உள்ள கல். மழை ஈரம், தரை ஈரம் எது உள்ளே வந்தாலும் அந்தத் துளைகள் வழியாக வெளியே போய்விடும். பழைய கொத்தனார்கள் 'சுவர் மூச்சு விடும்' என்று சொன்னது சும்மா பேச்சுக்கு இல்லை.

இப்போ நம்ம மடைப்பள்ளி. நம் கோவில் தேசிய நினைவுச்சின்னப் பட்டியலில் இல்லை. பெரும்பகுதி பிற்காலக் கட்டடம். ஆனால் மடைப்பள்ளியின் பின்சுவர் மட்டும் பழைய செங்கல், பழைய சுண்ணாம்பு. சில வருஷங்களுக்கு முன்னால் அதன் கீழ்ப்பகுதிக்குச் சிமெண்ட் பூசி, மேலே எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தார்கள். அன்றைக்குப் பார்க்க நல்லாத்தான் இருந்தது. இன்றைக்கு அந்தப் பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக உப்பிப் போய், வெள்ளை உப்பு பூத்து, தட்டினால் காரை பொலபொலன்னு கொட்டுகிறது. "பழைய சுவர், அதான் இப்படி. எல்லாத்தையும் உடைச்சுட்டு நல்ல சிமெண்டா மேல வரைக்கும் பூசிடலாம்" என்று வேலைக்கு விலை கொடுக்க வந்தவர் சொன்னார். வரும் குடமுழுக்கு வேலையில் அதையும் சேர்த்துவிடலாம் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்களுக்கு அதில் சம்மதம் இல்லை. நடந்தது இதுதான்: தரையிலிருந்து ஏறும் ஈரம் முன்னெல்லாம் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. சிமெண்டும் எண்ணெய்ப் பெயிண்ட்டும் அந்த வழியை அடைத்துவிட்டன. வழி இல்லாத ஈரம் என்ன செய்யும்? இன்னும் மேலே ஏறும். அதோடு வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கலையே பொடியாக்கும். சிமெண்ட் கெட்டி, பழைய செங்கல் மெது. இரண்டையும் ஒட்ட வைத்தால் தோற்பது எப்பவும் செங்கல்தான். மேல் வரைக்கும் பூசினால் நோயை மேல் வரைக்கும் ஏற்றிவிடுகிறோம் என்று அர்த்தம். உலகம் முழுக்கப் பழைய தேவாலயங்களைப் பழுது பார்ப்பவர்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். போன நூற்றாண்டில் அடித்த சிமெண்ட்டைப் பல இடங்களில் இப்போது கவனமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி சுண்ணாம்பு பூசுகிறார்கள். இரட்டைச் செலவு.

பழசை அப்படியே தொடாமல் விடணும்னு நாங்க சொல்லல. பினாங்கு ஜார்ஜ் டவுனில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818-இல் முடிந்தது. பொறியாளர் கேப்டன் ராபர்ட் ஸ்மித் மேற்பார்வை. அங்கேயும் கைதிகளின் உழைப்பு. மதராஸில் கட்டுவதுபோலத் தட்டையான மொட்டை மாடிக் கூரை வைத்தார்கள். பினாங்கு மழைக்கு அது சரிப்படுமா? 1864-இல் அதை எடுத்துவிட்டுச் சரிவுக் கூரை போட்டார்கள். இன்றைக்குப் படங்களில் பார்க்கும் கூரை அதுதான். அது கட்டடத்தைக் காப்பாற்றிய மாற்றம். மாற்றம் தப்பில்லை, சுவரும் கூரையும் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று பார்த்துச் செய்யணும்.

நம்ம சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மனை எடுத்துக்கொள்ளுங்கள். நாராயண பிள்ளை 1819-இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு வந்தவர். சிங்கப்பூரின் முதல் செங்கல் சூளையைத் தொடங்கியவரும் அவர்தான். ஆனாலும் அம்மனுக்கு 1827-இல் எழுந்தது மரமும் அத்தாப்பும் போட்ட குடில். செங்கல் கட்டடம் 1843-இல்தான். இன்றைய கோபுரம் 1925-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1973-இல் முதன்முதலாகத் தேசிய நினைவுச்சின்னங்கள் அறிவிக்கப்பட்டபோது செயின்ட் ஆண்ட்ரூஸும் மாரியம்மனும் அதே முதல் வரிசையில் இடம்பெற்றன. கடைசியாக 2023 பிப்ரவரி 12-இல் குடமுழுக்கு கண்டது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் நம்மில் எத்தனையோ பேர் இருப்பீர்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற முறையே நம்மிடம் இருக்கும் பெரிய பராமரிப்புத் திட்டம். பாலாலயம் செய்து சக்தியை இடம் மாற்றி வைத்துவிட்டு, கட்டடத்தைப் பழுது பார்க்கச் சொல்கிறது ஆகமம். அதற்கு ஜீர்ணோத்தாரணம் என்று பெயர். ஜீர்ணமானதை, அதாவது சிதைந்ததைத் தூக்கி நிறுத்துவது. நல்லா இருப்பதையும் சேர்த்து உடைத்துப் போடுவது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. ஆனால் நடைமுறையில் பார்த்தால், குடமுழுக்கு என்றதும் நம் கண் தேடுவது பளபளப்பை. புதுப் பெயிண்ட், புது டைல்ஸ், புது கிரானைட். உபயதாரர்களும் அதற்குத்தான் முன்வருகிறார்கள். விமானத்துக்கு வர்ணம் அடிக்க உபயம் என்றால் ஒரே நாளில் பெயர்ப் பட்டியல் நிரம்பிவிடும். கூரைத் தண்ணீர்க் குழாய் அடைப்பு எடுக்க உபயம் என்று இதுவரை ஒருவரும் கேட்டு வந்ததில்லை!

பன்னிரண்டு வருஷம் என்பது ஒரு கட்டடத்துக்கு ரொம்ப நீளம் என்பது அடுத்த விஷயம். கோபுரத்தில் ஒரு பறவை எச்சத்தில் விழுந்த அரசமர விதைக்குப் பன்னிரண்டு வருஷம் வேண்டாம், இரண்டு மழைக்காலம் போதும். வேர் சுதைக்குள் இறங்கிவிட்டால் பிடுங்கும்போது சுதைச் சிற்பத்தின் கையும் சேர்ந்து வரும். விரல் நீளத்தில் இருக்கும்போதே எடுத்தால் ஒரு நிமிட வேலை. தேவாலயமோ கோவிலோ மசூதியோ, பழைய கட்டடத்தைக் கெடுக்கும் எதிரிகளில் முதல் இடம் தண்ணீருக்குத்தான். அடைத்த குழாய், உடைந்த ஓடு, சுவரை ஒட்டி மண் மேடு. எல்லாம் ஏணியும் கரண்டியும் இருந்தால் முடியும் வேலை. தேசிய நினைவுச்சின்னங்களுக்கான நிதியிலிருந்து பெரிய மராமத்துக்கு மட்டுமில்லாமல் வழக்கமான பராமரிப்புக்கும் இப்போது உதவி உண்டு. பட்டியலில் இல்லாத நம்ம மாதிரி கோவில்களுக்கு அந்த வசதி இல்லை. நம்ம கைதான் நமக்கு நிதி.

இதை நமக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பர் பெருமான் கையில் என்ன வைத்திருக்கிறார்? நால்வர் சன்னதியில் நின்று பாருங்கள். உழவாரம். ஊர் ஊராகப் போய்ப் பதிகம் பாடிய அதே நாவுக்கரசர்தான் கோவில் பிராகாரத்தில் புல் செதுக்கினார், முள் வெட்டினார். அவர் சிலையை யார் வடித்தாலும் அந்தக் கருவி இல்லாமல் வடிக்க மாட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறோம். மடைப்பள்ளிச் சுவர் பற்றி மேலாண்மைக் குழுவிடம் நாங்கள் கேட்டிருப்பது மூன்று. சிமெண்ட் பூசும் முடிவைத் தள்ளிவைத்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரை அழைத்துச் சுவரைக் காட்ட வேண்டும். பின்பக்கம் சுவரை ஒட்டிக் குவிந்திருக்கும் மண்ணை எடுத்து, தண்ணீர் வடிய வழி செய்ய வேண்டும். குடமுழுக்குச் செலவுக் கணக்கில் அடுத்த பன்னிரண்டு வருஷப் பராமரிப்புக்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்க வேண்டும். குழுவில் இருப்பவர்கள் கேட்க மறுக்கவில்லை. "சுண்ணாம்பு வேலைக்கு நாள் ஆகுமே, குடமுழுக்குத் தேதிக்குள் காயுமா" என்பதுதான் அவர்கள் கவலை. அது உண்மையான கவலை. சுண்ணாம்பை அவசரப்படுத்த முடியாது. ஒவ்வொரு பூச்சும் தானாக இறுக விட்டுத்தான் அடுத்ததைப் பூச முடியும். அதனால்தான் இப்போதே ஆரம்பிக்கணும்னு சொல்றோம்.

உங்கள் குடும்பத்தில், ஊரில், சுண்ணாம்புக் காரை வேலை தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் கோவில் அலுவலகத்தில் சொல்லுங்கள். வேலை செய்ய முடியாத வயது என்றாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பக்குவம் சொன்னால் போதும். மண் எடுக்கும் வேலை மட்டும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. இந்த ஞாயிறு காலை பூஜை முடிந்ததும் தொடங்குகிறோம். மண்வெட்டி நான்கு இருக்கிறது, கையுறை போதவில்லை. வருகிறவர்கள் ஒரு ஜோடி கொண்டு வாங்க. காலை உணவு மடைப்பள்ளியில்.