யாருடைய பாராட்டு செல்லும்?

பெட்டி வில்சனைப் பற்றி எங்கே படித்தாலும் அவர் பெயரோடு ஒரு பட்டமும் ஒட்டிக்கொண்டு வரும்: ‘பெண் பிராட்மேன்’. 1921இல் மெல்போர்னில் பிறந்த ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீராங்கனை அவர். முதல்முறை படித்தபோது எனக்கும் புல்லரித்தது. பிராட்மேனோடு சேர்த்துச் சொல்கிறார்கள் என்றால் சும்மாவா? பிறகுதான் இருவருடைய கணக்கையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

டான் பிராட்மேன் ஆடியது 52 டெஸ்ட். சராசரி 99.94. அவர் எடுத்த விக்கெட்டுகள் 2. பெட்டி வில்சன் ஆடியது 11 டெஸ்ட். 862 ரன்கள், சராசரி 57.46. அவர் எடுத்த விக்கெட்டுகள் 68. ஒரு விக்கெட்டுக்குச் சராசரியாக 11.80 ரன்கள்தான் கொடுத்திருக்கிறார். மட்டையாலும் பந்தாலும் ஆடிய ஒருவரை, மட்டையால் மட்டுமே பேர்பெற்ற ஓர் ஆணின் பெயரைச் சொல்லிப் புகழ்ந்திருக்கிறார்கள். அந்தப் புகழ்ச்சிக்குள் அவருடைய பாதி ஆட்டம் அடங்கவே இல்லை.

அந்த மற்ற பாதி என்னவென்று அறிய 1958 பிப்ரவரிக்குப் போக வேண்டும். மெல்போர்ன், செயின்ட் கில்டா, ஜங்ஷன் ஓவல் மைதானம். இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட். ஈரமான ஆடுகளம். ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 38 ரன்களுக்குச் சுருண்டது. இங்கிலாந்தின் மேரி டக்கன் 6 ரன்கள் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். அந்த 38இல் அதிகபட்சம் பெட்டி வில்சன் எடுத்த 12. பிறகு அவர் கையில் பந்து வந்தது. ஆஃப் ஸ்பின். 7 ரன்கள் கொடுத்து 7 விக்கெட், அதில் ஒரு ஹாட்ரிக். பெண்கள் டெஸ்ட் வரலாற்றில் அதுதான் முதல் ஹாட்ரிக். இங்கிலாந்து 35க்கு ஆட்டமிழந்தது. இரண்டாவது இன்னிங்ஸில் பெட்டி சரியாக 100 ரன்கள் அடித்தார். மறுபடி பந்து வீசி 9 ரன்களுக்கு 4 விக்கெட். ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டுகளும். ஆண்களிலோ பெண்களிலோ அதுவரை யாரும் செய்யாதது.

ஆண்களில் அதை முதலில் செய்தவர் இயன் போத்தம், 1980இல், மும்பையில். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து. இடையில் 1979இல் இங்கிலாந்தின் ஈனிட் பேக்வெல்லும் அதைச் செய்துவிட்டார். ஆக, போத்தம் மூன்றாவது ஆள்.

போட்டியில் எதிரே நிற்கிறவர் பாராட்டினால் அதில் பொய் இருக்காது என்று நாம் நம்புகிறோம். நண்பர்கள் புகழ்வார்கள், ரசிகர்கள் கொண்டாடுவார்கள், எதிரி ஏன் சும்மா புகழப் போகிறார் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் எதிரிக்கும் காரணங்கள் உண்டு. 1998 மார்ச்சில் சென்னையில் நடந்த டெஸ்டை எடுத்துக்கொள்வோம். முதல் இன்னிங்ஸில் ஷேன் வார்ன் 4 ரன்னிலேயே டெண்டுல்கரை வெளியேற்றினார். இரண்டாவது இன்னிங்ஸில் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 155. ஆஸ்திரேலியா தோற்றது. டெண்டுல்கர் தன் கனவிலும் வந்து அடிப்பதாக வார்ன் அந்த ஆண்டு சொன்னதை நம் ஊர்ப் பத்திரிகைகள் எத்தனை முறை எழுதியிருக்கும்! டெண்டுல்கரின் திறமைக்கு வார்னின் கனவு சாட்சியா? ஓரளவு ஆம். ஆனால் என்னை அடித்தவன் சாமானியன் இல்லை என்று சொல்வதில் அடி வாங்கியவருக்கும் ஒரு கௌரவம் கிடைக்கிறது. அதே வார்ன் 2007இல் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் தான் பார்த்த சிறந்த ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தினார். டெண்டுல்கருக்கு முதலிடம். தன் சொந்த அணித்தலைவரான, தனக்கு ஒத்துப்போகாத ஸ்டீவ் வாஹுக்கு 26ஆம் இடம். அந்த 26 என்ற எண்ணில் ஆட்டம் எவ்வளவு, மனத்தாங்கல் எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

இருந்தாலும் ஆண்கள் விஷயத்தில் எதிரியின் வார்த்தை பதிவாகிறது. பேட்டியாக, பத்தியாக, சுயசரிதையாக அச்சில் நிற்கிறது. பிடிக்காதவர்கள் அதோடு சண்டை போடலாம். பெட்டி வில்சனின் சுழலை 22 கெஜத்தில் நின்று சந்தித்தவர்கள் இங்கிலாந்து, நியூசிலாந்து என்ற இரண்டே நாடுகளின் பெண்கள். 1948 முதல் 1958 வரை, பத்தாண்டுகளில் பதினொரு டெஸ்ட். அவர் எப்படிப் பந்து வீசினார் என்று அவர்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆனால் ஊரில் செல்லுபடியானது அவர்கள் சொல் அல்ல. ஒரு பெண்ணின் ஆட்டத்தைப் பற்றி இன்னொரு பெண் சொன்னால் அது சான்றிதழ் ஆகாது, அதில் ஓர் ஆணின் பெயர் முத்திரையாக விழ வேண்டும்.

அந்தப் பெண்கள் வாயால் சொன்னது எனக்குக் கிடைக்காவிட்டாலும் களத்தில் செய்தது எண்களில் இருக்கிறது. அந்த மெல்போர்ன் டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் பெட்டி 19 ஓவர்கள் வீசினார். இங்கிலாந்து அவரிடம் எடுத்தது 9 ரன்கள். எட்டு விக்கெட் இழந்து 76 என்ற நிலையில் தப்பித்து டிரா செய்தார்கள். தோல்வியிலிருந்து தப்ப நினைப்பவர்கள் எப்படியும் கட்டை போடத்தான் செய்வார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனாலும் அந்த 19 ஓவரில் மட்டையை வீசாமல் அடக்கிக்கொண்ட கைகள் அவருடைய ஆட்டத்தைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கின்றன. எந்தப் பேட்டியை விடவும் எனக்கு அது நம்பகமாகப் படுகிறது.

எதிரே யார் நிற்கிறார் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். 1997 டிசம்பர் 16 அன்று மும்பையில் ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் ஆட்டமிழக்காமல் 229 அடித்தார். ஒருநாள் சர்வதேசப் போட்டியில் முதல் இரட்டைச் சதம். எதிரணி டென்மார்க், அன்று 49 ரன்களில் சுருண்ட அணி. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை இல்லை. ஆனால் 2010இல் டெண்டுல்கர் குவாலியரில் 200 அடித்தபோது ‘உலகில் முதல்முறை’ என்று எழுதியவர்கள், டென்மார்க் பலவீனமான அணி என்று யோசித்து கிளார்க்கை ஒதுக்கவில்லை. அவர் நினைவுக்கே வரவில்லை. அதே 1997 உலகக் கோப்பையின் இறுதிப்போட்டியில், ஈடன் கார்டனில், வலுவான நியூசிலாந்துக்கு எதிராக கிளார்க் அரைச்சதம் அடித்ததை எல்லைக்கோட்டருகே பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்த 15 வயதுச் சிறுமி ஒருத்தி பார்த்தாள். ஜூலன் கோஸ்வாமி. பின்னாளில் ஒருநாள் போட்டிகளில் 255 விக்கெட் எடுத்தவர்.

2017 உலகக் கோப்பைக்கு முன் இங்கிலாந்தில் ஒரு நிருபர் மிதாலி ராஜிடம், உங்களுக்குப் பிடித்த ஆண் கிரிக்கெட் வீரர் யார் என்று கேட்டார். இதே கேள்வியை ஆண்களிடம் கேட்பீர்களா, பிடித்த வீராங்கனை யார் என்று அவர்களைக் கேட்டிருக்கிறீர்களா என்று மிதாலி திருப்பிக் கேட்டார். ஜோத்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பத்தொன்பது வயதில் டான்டனில் இங்கிலாந்துக்கு எதிராக 214 அடித்தபோது அது பெண்கள் டெஸ்டில் உலக சாதனை. அவருக்கும் ‘பெண் டெண்டுல்கர்’ என்ற பட்டம் தயாராக இருந்தது.

இதையெல்லாம் இவ்வளவு கோபத்தோடு எழுதுகிற நானும் யோக்கியம் இல்லை. கல்லூரியில் இரண்டு வருடம் ஆடினேன். பெரிய ஆட்டம் ஒன்றுமில்லை, லெக் சைடில் வந்தால் நன்றாக அடிப்பேன். திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியோடு நடந்த போட்டியில் அடுத்தடுத்து இரண்டு பவுண்டரி போயிற்று. ஆட்டம் முடிந்ததும் வேறொரு கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர் அருகே வந்து, “பையன் மாதிரி அடிக்கிறியேம்மா” என்றார். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு கணவரிடம் சொன்னேன். என் மகளிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். “பையன் மாதிரின்னா எப்படிம்மா?” என்று அவள் கேட்டபோது பதில் வரவில்லை.

இந்தக் கட்டுரைக்காக யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போட்டியின் இன்னொரு காட்சி நினைவுக்கு வந்தது. இரண்டாவது பவுண்டரிக்குப் பிறகு எதிரணித் தலைவி, ஒல்லியான உயரமான பெண், பந்து வீசுபவளை நிறுத்திவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தாள். ஸ்லிப்பில் நின்றவளைக் கூப்பிட்டு, கையை நீட்டி, டீப் ஸ்கொயர் லெக்குக்கு அனுப்பினாள். திருப்தி இல்லை. இன்னும் பத்தடி பின்னால் போகச் சொன்னாள். அடுத்த ஓவரில் நான் அதே ஷாட்டை அடித்தேன். பந்து நேராக அங்கேதான் போயிற்று. பிடித்துவிட்டார்கள். நான் 23. அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் பெயரும் எனக்குத் தெரியாது.