தேவசகாயமும் யோபுவின் கதையும்

நீலகண்ட பிள்ளை 1712-ல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலத்தில் பிறந்தார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் அலுவலராகப் பணிபுரிந்தார். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் மன்னரின் படையில் சேர்ந்த டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு நண்பரானார்.

கால்நடைகளும் விளைச்சலும் அழிந்து நீலகண்டர் மனமுடைந்திருந்தபோது டிலனாய் விவிலியத்தின் யோபுவைப் பற்றிச் சொன்னார் என்பது கிறிஸ்தவ மரபு. செல்வத்தையும் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவிடம், அவர் செய்த பாவமே காரணம் என்று நண்பர்கள் வாதிடுகின்றனர். யோபு அதை ஏற்கவில்லை. இறுதியில் பேசும் கடவுளும் துன்பத்துக்குக் காரணம் சொல்வதில்லை; நண்பர்களையே கண்டிக்கிறார். துன்பம் தண்டனையாக இருக்க வேண்டியதில்லை என்பதே நீலகண்டர் பெற்ற ஆறுதலாக இருக்க வேண்டும். அதைச் சொன்னவரும் தோற்றுச் சிறைப்பட்டவர்தான்.

1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்பதன் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்று பெயரிடப்பட்டது. 1749-ல் கைதானார். மதமாற்றமா, அரசியல் காரணமா என்பதில் வரலாற்றாய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எருமை மேல் ஏற்றப்பட்டு ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டதையும், காயங்களில் மிளகாய்ப்பொடி தடவப்பட்டதையும் திருச்சபை மரபு கூறுகிறது.

யோபு இழந்த செல்வம் இருமடங்காகத் திரும்பியது. தேவசகாயத்துக்கு எதுவும் திரும்பவில்லை. அவர் நம்பிக்கையைக் கைவிடவுமில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது எச்சங்கள் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.