முசிறியில் அகஸ்டஸுக்கு ஒரு கோயில்

ரோமானியப் பேரரசர் அகஸ்டஸுக்குச் சேர நாட்டுத் துறைமுகமான முசிறியில் கோயில் இருந்ததாக ஒரு தோல் வரைபடம் சொல்கிறது. வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கும் அதற்குப் பியூட்டிங்கர் வரைபடம் என்று பெயர். ரோமானியர் காலத்து மூலத்திலிருந்து இடைக்காலத்தில் படியெடுத்தது. எஞ்சிய 11 தாள்களையும் சேர்த்து வைத்தால் ஏறத்தாழ 7 மீட்டர் நீளம். அதன் கிழக்கு ஓரத்தில் முசிறி, அருகே பெரிய நீர்நிலை, பக்கத்தில் ஒரு கட்டடம். 'அகஸ்டஸின் கோயில்' என்று லத்தீனில் எழுதியிருக்கிறது.

கி.பி. 14-இல் அகஸ்டஸ் இறந்ததும் ரோமானிய செனட் அவரைத் தெய்வமாக அறிவித்தது. பேரரசின் நகரங்களில் அவருக்குக் கோயில் எழுந்ததில் வியப்பில்லை. மிளகு விளையும் கரையில் எதற்கு? தென்மேற்குக் காற்றில் வந்த கப்பல், வடகிழக்குக் காற்று வீசும்வரை ஊர் திரும்ப முடியாது. அப்படிக் காத்திருந்தவர்களும், வணிகத்துக்காக இங்கேயே தங்கியவர்களும் கும்பிட எழுப்பியதாக இருக்கலாம்.

இந்தக் கோயிலை ஐயுறும் ஆய்வாளர்கள் உண்டு. வணிகத்தை ஐயுற வழியில்லை. முசிறியிலிருந்து 'ஹெர்மபோலன்' கப்பல் தந்தமும் சடாமாஞ்சிலும் ஏற்றிச் சென்ற கணக்கு, கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாளில் அதே நூலகத்தில் இருக்கிறது. முசிறி என்று பலரும் கருதும் கேரளத்தின் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடி ஓடுகள், செங்கல் கட்டுமானம், மரப்படகு எல்லாம் வெளிவந்தன. கோயில் மட்டும் கிடைக்கவில்லை.

அந்த வணிகத்தின் தடம் நம் மாவட்டத்திலும் உண்டு. சித்தையன்கோட்டையிலிருந்து செம்பட்டி போய், பழனிச் சாலையைப் பிடித்தால், பழனியைத் தாண்டிக் கலையமுத்தூர் வரும். 1856-இல் அங்கே ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பழனிக்குத் தென்மேற்கே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் குழு 2009-இல் தொடங்கிய அகழாய்வு, கண்ணாடி மணி செய்த பட்டறையை வெளிக்கொணர்ந்தது. கடற்கரை வணிகம் பாலக்காட்டுக் கணவாய் தாண்டி உள்நாட்டோடு கைகோத்திருந்தது என்பதற்கு இவையே சாட்சி.

கோயிலுக்கு மிஞ்சியது ஒரு சித்திரம்தான். அதைக் கட்டியவர்களின் காலத்தை மெய்ப்பிக்க மண்ணில் கிடப்பவைதான் துணை. வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ உழும்போதோ பழைய காசோ ஓடோ தட்டுப்பட்டால், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். கிடைத்த இடத்தைக் கலைக்காதீர்கள். காசை உருக்கினால் தங்கம் மிஞ்சும். அது யார் காலத்தில் எந்த வழியாக நம் ஊருக்கு வந்தது என்ற செய்தி அதோடு போய்விடும்.

(தொடரும்)