பதக்கம் வந்து சேர 97 ஆண்டுகள்

1918 மே 15, அதிகாலை. பிரான்சின் ஆர்கோன் காட்டோரம் காவல் நின்ற இரண்டு கறுப்பினச் சிப்பாய்கள் மீது குறைந்தது 12 ஜெர்மானியர்கள் பாய்ந்தார்கள். நீதம் ராபர்ட்ஸ் படுகாயமடைந்து விழுந்தார். அவரை எதிரிகள் கைதியாக இழுத்துச் செல்ல விடாமல் தடுத்தவர் ஹென்றி ஜான்சன். துப்பாக்கியையே தடியாகச் சுழற்றினார். பிறகு கத்தியோடு கைகலந்தார். உடம்பில் 21 காயங்கள். எதிரிகள் பின்வாங்கினார்கள்.

ஜான்சன் ஆல்பனி ரயில் நிலையத்தில் சுமை தூக்கியவர். கறுப்பர்கள் மட்டுமே சிப்பாய்களாக இருந்த அவருடைய 369ஆவது படைப்பிரிவை, வெள்ளையரோடு சேர்த்துக் களமிறக்க மனமில்லாமல் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்தது அமெரிக்கா. பிரான்ஸ் தன் வீர விருதை அவருக்கு உடனே கொடுத்தது. சொந்த நாடோ அவர் படத்தைப் போட்டு ஆள் சேர்த்தது, போர்ச் சேமிப்பு முத்திரை விற்றது. பதக்கம் மட்டும் தரவில்லை. 1929இல், முப்பதுகளின் வயதிலேயே அவர் இறந்தார்.

சாட்சியம் இல்லாமலா போயிற்று? தளபதி பெர்ஷிங் அதே மே மாதத்தில் அவரைப் பாராட்டி எழுதிய குறிப்பு ராணுவத்தின் கோப்பிலேயே இருந்தது. தேடத்தான் யாருமில்லை. முதல் உலகப் போரில் போரிட்ட எந்தக் கறுப்பருக்கும் 1991 வரை அமெரிக்காவின் உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைக்கவில்லை. ஜான்சனுக்கு 2015இல் ஒபாமா அறிவித்தார். வாங்கிக்கொள்ள உறவினர் ஒருவரும் இல்லை.

2023இல் லூசியானாவின் போல்க் ராணுவ முகாமுக்கு ஜான்சன் பெயர் வைத்தார்கள். அந்தப் பழைய பெயர், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி ஒருவருடையது. 2025இல் அதே போல்க் பெயரை, வேறொரு போல்க்கைக் காட்டி, திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நமக்கு இது புதுக் கதையா தோழர்களே? 1818இல் கோரேகானில் உயிர்விட்ட மகர் வீரர்களின் பெயரை வெற்றித்தூணில் பொறித்த அதே பிரிட்டிஷார், 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். ரத்தம் வேண்டும்போது வீரர். போர் முடிந்தால் பழைய இடம்.

தூணும் பதக்கமும் முகாமின் பெயரும் மேலிருந்து தரப்படுபவை. மேலிருந்தே பறிக்கவும் முடியும். ஆகவே கோப்புகளைத் தேடுங்கள். உங்கள் சேரியிலிருந்து படைக்குப் போன தாத்தாக்களின் பெயர்களை, பாட்டிகள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். நம் வரலாற்றுக்கு நாமே காவல் நிற்க வேண்டும்.